பனிக்காலத்தில் பூட்டிக் கிடக்கும் வாடகை வீடு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதைப் படித்து இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். வாடகைக்கு விட்ட வீட்டில் குடியிருப்பவர்கள் விடுமுறைக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போகிறார்கள், அவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய்.

முதலில் இதைச் சொல்: கிளம்பும்போது வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரை அணைக்க வேண்டாம். யாருமில்லாத வீட்டுக்கு எதற்குச் சூடு என்று சிக்கனமாக நினைத்துத்தான் அணைப்பார்கள். பனிக்காலத்தில் வீடு பாழாவது பெரும்பாலும் அப்படித்தான். வீட்டுச் சூட்டின் அளவைக் குறித்து வைக்கும் தெர்மோஸ்டாட்டை 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறக்கக் கூடாது. ஐந்து டிகிரி போதாதா என்றால், போதாது. தெர்மோஸ்டாட் காட்டுவது நடு அறையின் சூட்டை. வெளிச்சுவரை ஒட்டி, சமையலறை சிங்க்குக்கு அடியில் ஓடும் பைப் அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். அந்த அலமாரிக் கதவுகளையும் திறந்தே வைத்துவிட்டுப் போகச் சொல். தெர்மோஸ்டாட் பேட்டரியில் ஓடுவது என்றால் புது பேட்டரி போட்டுவிடு.

பைப் வெடிப்பது எப்படி என்று தெரிந்தால் மற்ற ஏற்பாடுகள் தானே புரியும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. ஆனால் உறைந்த இடத்திலேயே பைப் பிளப்பது குறைவு. பனிக்கட்டி ஒரு பக்கம் அடைத்துக்கொள்கிறது, மூடிய டேப் மறுபக்கம். நடுவில் மாட்டிய தண்ணீருக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் பைப்பைக் கிழிக்கிறது. கடுங்குளிர் இரவில் டேப்பை மெல்லச் சொட்ட விடுவது அந்த அழுத்தம் இறங்கத்தான். இன்னொன்று, பிளந்த அன்று ஒன்றும் தெரியாது. பைப்பை அடைத்த பனிக்கட்டி உருகிய பிறகுதான் தண்ணீர் கொட்டத் தொடங்கும். ஆள் இல்லாத வீட்டில் அது நாள்கணக்கில் ஓடும்.

அதனால் இரண்டு வாரத்துக்கு, வீட்டுக்குள் வரும் தண்ணீரை நிறுத்தும் மெயின் வால்வை மூடிவிடுவதே நல்லது. மூடியபின் மேல்மாடியில் ஒரு டேப்பையும் ஆகக் கீழே இருக்கும் ஒன்றையும் திறந்து பைப்பில் நிற்பதை வடித்துவிட வேண்டும். டாய்லெட்டையும் ஒருமுறை ஃப்ளஷ் செய்யட்டும். வீட்டில் தீயணைப்பு ஸ்ப்ரிங்க்ளர் இருந்தால் அதற்குப் போகும் தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. தண்ணீரைக் காய்ச்சி வீட்டைச் சூடாக்கும் பாய்லர் வைத்த வீடு என்றால், அதற்குத் தானாகத் தண்ணீர் சேரும் இணைப்பு இந்த வால்வுக்குப் பின்னால் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மூடு. மின்சார வாட்டர் ஹீட்டரின் தொட்டியைக் காலி செய்வதாக இருந்தால், அதற்கு வரும் கரண்டை நிறுத்தும் பிரேக்கரை இறக்கிய பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். வெறும் தொட்டியில் கரண்ட் பாய்ந்தால் உள்ளே சூடேறும் கம்பிச்சுருள் கருகிவிடும்.

அந்த மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று குடியிருப்பவர்களை அழைத்துப் போய்க் காட்டு. அவர்கள் கையாலேயே ஒருமுறை மூடித் திறக்கட்டும். துருப்பிடித்துத் திருகாமல் நின்றால் இப்போதே மாற்று. கூடவே வால்வில் ஓர் அடையாளச் சீட்டும் கட்டித் தொங்கவிடு.

தோட்டத்து டேப்பில் ஹோஸ் மாட்டியே இருந்தால் கழற்றச் சொல். உறையாத வகை டேப் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். ஹோஸ் மாட்டியிருந்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் வடியாது, சுவருக்குள் பிளந்துகொள்ளும். வசந்தத்தில் முதல் முறை திறக்கும்போதுதான் தெரியும்.

பைப் உறைந்துவிட்டால் டேப்பைத் திறந்து வைத்து, டேப் பக்கமிருந்து தொடங்கி ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கலாம். நெருப்புச் சுடர் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது உயிர் விஷயம். சூடேற்றும் கருவியின் புகை வெளியேறும் பைப்பைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பலாம். அதற்கு வாசனை கிடையாது. படுக்கையறைகளுக்கு அருகிலும் ஒவ்வொரு மாடியிலும் அதைக் கண்டு ஒலிக்கும் அலாரம் இருக்க வேண்டும், பட்டனை அழுத்திப் பார். பனி கொட்டிய ஒவ்வொரு முறையும் அந்தப் பைப்பைச் சுற்றி வாரிவிட யாரிடமாவது சொல்லி வை. புகை அலாரம் பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால், பட்டனை அழுத்தும்போது சத்தம் வந்தாலும் மாற்றிவிடு.

அவர்கள் திரும்பி வந்தபிறகு சின்ன ஹீட்டர் வைத்துக்கொண்டால், திரையும் மெத்தையும் ஒரு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். நேரடியாகச் சுவர் சாக்கெட்டில் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறி உருகும். உண்மையான கிறிஸ்துமஸ் மரம் வைத்தால் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்த மரம் நொடிகளில் பற்றும்.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் படி. வீட்டைச் சூடாக வைத்திருக்கவில்லை என்றால் பைப் வெடித்த சேதத்துக்குப் பணம் தராத பாலிசிகள் உண்டு. வீடு எத்தனை நாள் காலியாக இருக்கலாம் என்றும் அதில் இருக்கும். அவர்கள் இல்லாதபோது யார் உள்ளே போய்ப் பார்க்கலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள். பூட்டு உன்னுடையது என்பதற்காகச் சொல்லாமல் நுழைவது முறையல்ல, பல இடங்களில் சட்டமும் விடாது. விடுமுறை நாளிலும் வருகிற ஹீட்டர் மெக்கானிக் யார் என்பதை இப்போதே விசாரித்து வை.

வீட்டில் இருப்பது பாய்லரா, சூடான காற்று ஊதும் ஃபர்னஸா என்று எழுதவில்லையே. ஃபர்னஸ் என்றால் அவர்கள் கிளம்பும் முன் அதன் காற்று ஃபில்டரை மாற்று. அடைத்த ஃபில்டரால் கருவி அளவுக்கு மீறிச் சூடேறித் தானே நின்றுவிடும். எதுவென்று எழுது, மிச்சத்தைச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு