கட்டுரையில் குளத்தைக் காணவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சட்டப் பேராசிரியர் சி. ஜி. வீரமந்திரி பற்றிக் கடந்த வாரம் வந்த கட்டுரையை வாசித்தேன். வகித்த பதவிகளும் வாங்கிய விருதுகளும் ஒன்றும் தப்பாமல் இருந்தன. குளத்தை மட்டும் காணவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிற எனக்கு அது பெரிய குறையாகவே பட்டது.

டனூப் ஆற்று அணைத் திட்டம் தொடர்பாக ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையில் மூண்ட வழக்கில், 1997 செப்டெம்பரில் ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே நீதியரசராக இருந்த வீரமந்திரி தன் அபிப்பிராயத்தைத் தனியாக எழுதினார். சுற்றாடலைக் காப்பது நேற்று முளைத்த எண்ணமல்ல என்று காட்ட அவர் அழைத்த சாட்சிகளில் முக்கியமானவை இலங்கையின் பழைய குளங்கள். வண்டலை மறிக்கும் சிறு குளங்களையும், வயலுக்கென்றில்லாமல் காட்டு விலங்குகள் குடிப்பதற்கென்றே கட்டிய காட்டுக் குளங்களையும் அதில் விவரிக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் என் மகள் அதை வாசித்துச் சொன்னபோது எனக்கு அப்புவின் ஞாபகம் வந்தது. காட்டுக்குள் இருந்த ஒரு குளத்தில் அவர் எங்களைத் தூண்டில் போட விடமாட்டார். “அது யானையின்ர தண்ணி” என்பார்.

அதே செப்டெம்பரில் நாங்கள் கிளிநொச்சியை விட்டோடி மல்லாவியில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தோம். ஹேக்கில் ஒருவர் குளங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பார்வை அவருக்கு நீதியரசர் கதிரையில் ஏறிய பிறகு வந்ததல்ல. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, பொஸ்பேற்றுக்காகத் தோண்டிப் பாழாக்கப்பட்ட நவுறுத் தீவு பற்றிய விசாரணை ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கி, அந்த அழிவுக்கு ஆஸ்திரேலியாவும் பொறுப்பு என்று சொன்னவர் அவர். சம்பளம் தந்த நாட்டைப் பார்த்து அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

நிலம் மக்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் உரியது, அரசன் அதன் காவலன் மட்டுமே என்று பழைய இலங்கை மன்னன் தேவநம்பிய தீசனுக்குப் பௌத்த துறவி மகிந்த தேரர் சொன்னதாக வரும் உபதேசத்தையும் அந்த அபிப்பிராயத்தில் எடுத்தாண்டிருக்கிறார். இதைச் சமயச் சொற்பொழிவு என்று தள்ளிவிட முடியாது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவல பொஸ்பேற் அகழ்வுத் திட்டத்துக்கு எதிராக அவ்விடத்து மக்கள் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு எங்கள் உயர் நீதிமன்றமே அவருடைய எழுத்தைத் துணைக்கழைத்துத்தான் அந்தத் திட்டத்தை மறித்தது.

போன காலபோக நெற்செய்கைக்கான கமக்காரர் கூட்டத்தில், மணல் டிப்பர்கள் வாய்க்கால் கட்டை உடைக்கின்றன என்று எழும்பிச் சொன்னேன். மேசையில் இருந்த ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, “குளமும் கட்டும் அரசாங்கச் சொத்து, அது எங்கட பொறுப்பு” என்றார். சொத்து என்றார், காவல் என்று சொல்லவில்லை. நானும் மறுபேச்சில்லாமல் இருந்துவிட்டேன்.

குளங்களைப் பற்றிய பகுதியை மகள் தமிழில் எழுதித் தந்திருக்கிறாள். சிறுபோகக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோகிறேன். நீங்கள் இடம் தருவதானால் உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். இரண்டு தாள்தான்.

இப்படிக்கு,
கமக்காரன் ஒருவன்,
கிளிநொச்சி