கூடும் சொத்துவரி எந்தத் தெருவுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாகி, கோட்டையூரும் கண்டனூரும் அதனுடன் சேர்ந்த பிறகு, பழைய வீட்டுத் தெருக்களைச் சீரமைக்கப் பணத்துக்கு எங்கே போவது என்ற பேச்சு வரும்போதெல்லாம், அமெரிக்க நகரங்களைப் போல அந்தந்தப் பகுதியில் கூடும் சொத்துவரியை அங்கேயே செலவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். யோசனையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

அம்முறையில் ஒரு பகுதிக்கு எல்லை வகுத்து, அன்றைய சொத்து மதிப்பை அடிப்படையாகக் குறித்துவிடுகிறார்கள். அந்த மதிப்புக்குரிய வரி வழக்கம்போல் நகர நிர்வாகத்துக்கும் பள்ளிகளுக்கும் போக, அதற்குமேல் வளர்வது மட்டும் தனிக் கணக்கில் சேர்ந்து, அப்பகுதியின் சாலைக்கும் வடிகாலுக்கும், அவற்றுக்காக முன்கூட்டியே வாங்கிய கடனை அடைக்கவும் பயன்படும். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பகுதியை 23 ஆண்டுகள் இப்படி வைத்திருக்கலாம். 1952-இல் இதைத் தொடங்கிய கலிபோர்னியாவோ, வளர்ந்த வரியில் பள்ளிகள் இழந்த பங்கை மாநில அரசே ஈடுகட்ட வேண்டியிருந்ததால், நிதி நெருக்கடி வந்தபோது 2011-இல் இம்முறையை நடத்திவந்த மறுசீரமைப்பு முகமைகளையே கலைக்கச் சட்டம் இயற்றியது.

நமக்குள்ள சிக்கல் வேறு. 2022-இல் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சொத்துவரி இருமடங்கானது. (ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக ஓடும் எங்கள் வீடுகளில் 1,800 சதுர அடி, நடு முற்றப் பகுதியான வளவோடு முடிந்துவிடும்.) 2024-இல் ஆண்டுக்கு 6 சதவீத உயர்வும் வந்தது. அது தொடர்ந்தால் இன்றைய 10,000 ரூபாய் 12 ஆண்டில் 20,000 ரூபாயாகும், 23 ஆண்டில் ஏறத்தாழ 38,000 ரூபாயாகும். தெருவில் ஒரு செங்கல்கூட மாறியிருக்க வேண்டியதில்லை. இதையும் வளர்ச்சி என்று தனிக் கணக்கில் சேர்த்தால், ஏறிக்கொண்டே போகும் துப்புரவுச் சம்பளத்தையும் தெருவிளக்குக் கட்டணத்தையும் பழைய வரியைக் கொண்டே சமாளிக்க வேண்டிவரும். ஆகவே ஆண்டு உயர்வு பொதுநிதிக்கே போகட்டும். பூட்டிக் கிடந்த வீடு தங்கும் விடுதியானதால் வணிக விகிதத்தில் வரும் கூடுதல் வரி மட்டும் அந்தத் தெருவுக்கு வரட்டும்.

எங்கள் வீட்டு வரி ரசீது இன்னும் பாட்டையா பெயரில்தான் வருகிறது. ஒன்பது பங்கில் ஊரோடு இருப்பவன் நான் ஒருவன். அரையாண்டுதோறும் கட்டிவிட்டு மற்றவர்களிடம் வசூலிக்கிறேன். ஓட்டிலிருந்து வளவு வாசலில் இறங்கும் மழைநீர் தெருக் கால்வாய் வழியாக ஊரணியை அடையும்படிதான் முன்னோர் கட்டினார்கள். சாலையின் மேல் சாலையாகப் போட்டு உயர்த்தியதில் கால்வாய் புதைந்துவிட, சென்ற ஐப்பசியில் தண்ணீர் எங்கள் முகப்புப் படியில் ஏறி நின்றது. அப்படியொரு நிதி வருமானால், அலங்கார விளக்குக்கும் வரவேற்பு வளைவுக்கும் முன்னால் அந்தக் கால்வாயைத் தோண்டி எடுக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கை ஆண்டுக்கொருமுறை வார்டு குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
காரைக்குடி