அப்பாரு பேரைத் தேடறவங்க மொய் நோட்டை எடைக்குப் போட்றாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

இப்ப நம்ம கொங்குப் பக்கம் எந்த ஊர்ல கும்பாபிசேகம்னாலும் ஒரு மலர் போட்றாங்க. வழவழன்னு பேப்பரு, முன்னாடி பூராவும் நன்கொடை குடுத்தவங்க போட்டோ, அப்பறம் "நமது குல வரலாறு"ன்னு ஒரு கட்டுரை. எதை எடுத்துப் படிச்சாலும் ஒரே கதைதானுங்க, ராசா கூப்புட்டுக் காணி குடுத்தாரு, முப்பாட்டன் புலியக் குத்துனாரு, காட்டை அழிச்சு ஊரை உண்டு பண்ணுனாரு, அத்தோட முடிஞ்சுது. அந்த முப்பாட்டனுக்கும் இன்னைக்குத் தோட்டத்துல மோட்டார் போட்டுட்டு நிக்கற ஆளுக்கும் நடுவுல எத்தனை தலைமுறை போயிருக்குது, அதுல யார் யாரு இருந்தாங்க, எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்கு வந்தாங்க, ஒரு வரி இருக்காது. வாட்ஸப்புல இன்னும் மோசம், கொடுமணல்ல தோண்டி எடுத்த பானை ஓட்டு போட்டோவப் போட்டு இது எங்க வம்சத்துதுன்னு ஒருத்தர் எழுதறாரு, கீழ வரிசையா கும்பிடு போட்டுட்டே போறாங்க.

பெருமை பேசறதுல எனக்கு ஒண்ணும் சண்டை இல்லைங்க. ஆனா நெசமா அந்தக் காட்டைத் திருத்துனது யாரு, எப்ப வந்தாங்கன்னு கண்டுபுடிக்கறதுக்குக் காகிதம் இருக்குது, அது நம்ம ஊட்டுப் பரண்லயும் ஆபீஸ் ரெக்கார்டு ரூம்லயும் கரையான் அரிச்சுட்டுக் கெடக்குது, அதைப் பத்தித்தான் இந்தக் கடுதாசி.

முதல்ல மொய் நோட்டு. எங்க அப்பாரு (தாத்தா) கல்யாணத்து மொய் நோட்டு ஒண்ணு தகரப் பொட்டிக்குள்ள கெடந்துது, அட்டை போயிருச்சு, நூல்ல தச்சிருக்குது, ஊதா மை, ஓரமெல்லாம் பொடிப்பொடியா உதிருது. எட்டணா, ஒரு ரூவா, ஒரு எடத்துல "அரிசி ரெண்டு படி"ன்னு எழுதியிருக்குது. அதுல விசயம் பணம் இல்லைங்க, ஒவ்வொரு பேருக்கும் முன்னால ஊர்ப்பேரு இருக்குது. தாராபுரத்துக்குத் தெக்க எங்களுக்கு ஒரு ஒறம்பரை கூட இல்லைன்னு ஊட்டுல எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க, நோட்டப் பாத்தா கால்வாசி மொய் அந்தப் பக்கத்து ஊருங்கதான். வெசாரிச்சா அப்பாரோட அம்மா பொறந்த ஊடு அங்க. பட்டாவுல அந்தம்மா பேரு வராது, பத்திரத்துல வராது, மலர்ல போட்டாங்களே ஒரு வம்ச மரம் அதுல சுத்தமா வராது, அப்பனுக்குக் கீழ பையன் அவனுக்குக் கீழ பையன்னு அது பாட்டுக்கு எறங்குது. குடும்பம் எங்கிருந்து வந்துதுன்னு தேடறவங்க பாதி வழி பொம்பளைங்க பொறந்த ஊட்டு வழியாத்தான் போயாகணும்ங்கறது என் அபிப்பிராயம்.

பெருசுங்க கிட்டக் கேட்டா போச்சுன்னு சொல்லுவாங்க. கேக்கணும், ஆனா கேக்கற முறை தெரியணும். எங்க ஆத்தா கிட்ட "உங்க மாமனார் பேரு என்ன ஆத்தா"ன்னேன், வாயே தொறக்கலை. மாமனார் பேரைச் சொல்லலாமான்னு முந்தானையை வாயில வெச்சுட்டு, "சென்னிமலையில நிக்கறாரே அவருது" அப்படின்னாங்க. முருகனுக்கு எத்தனை பேரு இருக்குது! வேலப்பனா பழனியப்பனா சுப்பிரமணியான்னு ஒவ்வொண்ணா நான் சொல்ல சொல்ல தலைய மட்டும் ஆட்டிட்டு வந்து கடைசியில ஒரு பேருக்குச் சிரிச்சாங்க. அதுதான் பேரு.

பேரு கெடச்சாலும் அங்க ஒரு சிக்கல் இருக்குதுங்க. அப்பாரு பேரைத்தான் பேரனுக்கு வெக்கறது நம்ம வழக்கம், அதனால ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பேரு திரும்பத் திரும்ப வரும், பங்காளி ஊட்டுலயும் அதே பேருதான். அப்ப அப்பன் பேரையும் வருசத்தையும் சேத்துப் பாத்தாத்தான் ஆளு பிரியும். பழைய கணக்குல வருசம் பசலியில இருக்கும், பசலிங்கறது வருவாய்த்துறைக்காரங்க வருசக் கணக்கு, அதோட 590 கூட்டிக்கோங்க, பசலி 1300ன்னா 1890 சூலையில ஆரம்பிச்ச வருசம். இது தெரியாம 1300ன்னு பாத்தவுடனே எழுநூறு வருசத்துக்கு முந்துன பட்டான்னு கோயில்ல கண்ணாடி போட்டு மாட்டுனவங்களும் இருக்கறாங்க, எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன்.

கிரையப் பத்திரம், பாகப் பிரிவினைப் பத்திரம் 1865ல இருந்து ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவாகிட்டு வருது. ஆன்லைன்ல வில்லங்கம் போட்டா பெரும்பாலும் 1975க்கு இக்கட்டதான் வரும், அதுக்கு முந்துனதுக்கு மனுப் போட்டு நேர்ல தேடணும். அப்படி ஒரு ஆபீஸ்ல போயிக் கேட்டப்ப "எதுக்குங்க, எதாவது கேஸா"ன்னாங்க, குடும்ப வரலாறுன்னேன், ஏற எறங்கப் பாத்துட்டு நாளைக்கு வாங்கன்னுட்டாங்க. ஆனா ஒரு பாகப் பத்திரம் கையில கெடச்சாப் போதும், அது நாலு மலருக்குச் சமம். "கிணத்துல நாலில் ஒரு பங்கு, கவலை ஓட்டும் பாத்தியம், வாரித் தண்ணி பாத்தியம், மாமூல் வண்டித்தட பாத்தியம்"ன்னு இருக்கும் (கவலைன்னா மாட்டைப் பூட்டிக் கெணத்துத் தண்ணி எறைக்கறது, பாத்தியம்னா உரிமை), நாலு பக்க எல்லை போடறப்ப வடக்க இட்டேரி (ரெண்டு வேலிக்கு நடுவுல போற தடம்), கெழக்க இன்னார் காடு, தெக்க நாவிதர் மானியம் (ஊருக்குச் செய்யற வேலைக்காக விட்ட நெலம்)னு இருக்கும். அன்னைக்குப் பக்கத்துல குடியிருந்த சனமெல்லாம் அந்த நாலு வரியில நிக்கறாங்க.

எந்த ஆபீஸ்ல தேடறதுங்கறதும் ஒரு தலைவலி. திருப்பூர் மாவட்டம் 2009ல வந்தது, ஈரோடு 1979ல பிரிஞ்சது, அதுக்கு முந்தி எல்லாம் கோயமுத்தூர்தான். கரூர் தாலுக்கா 1910ல திருச்சிக்குப் போச்சு, கொள்ளேகாலம் 1956 வரைக்கும் கோயமுத்தூர் ஜில்லா. அதனால கரூர்ப் பக்கத்துக் குடும்பம் 1910க்கு முந்திப் போகணும்னா கோயமுத்தூர்க் கணக்கைப் பாக்கணும். ஊர்க் கணக்குன்னா அது கணக்குப்பிள்ளை ஊட்டுல இருந்துது. 1980ல பரம்பரை மணியகாரர், கணக்குப்பிள்ளை வேலையெல்லாம் எடுத்துட்டு வி.ஏ.ஓ. போட்டாங்களே, அப்ப கைமாறுனது பாதி, அந்த ஊடுகள்லயே தங்குனது பாதி. அந்த ஊட்டுப் பேரம்பேத்திக இப்ப பெங்களூர்ல இருப்பாங்க, பொட்டியில என்ன கெடக்குதுன்னே அவங்களுக்குத் தெரியாது.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன். "எங்க குலம்தான் காட்டைத் திருத்துச்சு"ன்னு எழுதறாங்களே, ஒரு குலம் மட்டும் எப்படிங்க திருத்தும்? நம்முளது மழை கொறஞ்ச பூமி, கெணறு இல்லாட்டி தோட்டமே இல்லை. பாறைய ஒடைச்சு அந்தக் கெணத்தை வெட்டுனது போயர் குடும்பம். கவலைக்குத் தண்ணி மொள்ளற தோல் சால் தச்சுக் குடுத்ததும், மாட்டைப் பூட்டி விடியறதுக்கு முந்தி எறங்கி ஓட்டுனதும் அருந்ததியர் குடும்பம். 1930கள்ல பைக்காரா கரண்ட் வந்து மோட்டார் பூட்டற வரைக்கும், வந்தப்பறமும் வெகுகாலம், அப்படித்தான் தண்ணி ஏறுச்சு. கல்யாணத்துல மங்கல வாழ்த்துப் பாடறது நாவிதர், அவங்க இல்லாம நம்ம சீரே நடக்காது, அப்ப அவங்க நம்ம கூட வந்தவங்களா, நமக்கு முந்தியே இருந்தவங்களா? கேட்ட ஆளே இல்லை. ஆந்திரா பக்கம் இருந்து வந்தவங்க, மைசூர்ப் பக்கம் இருந்து எறங்குனவங்க, வேட்டுவர், பனையேறிக் குடும்பங்க, அத்தனை பேருக்கும் இதே மண்ணுதான்.

இவங்களுக்குப் பட்டா இல்லை, அதனால வரலாறு இல்லைன்னு சொல்லிட முடியாதுங்க. 1858ல ஆரம்பிச்சு இனாம் கமிஷன்னு ஒண்ணு ஊர் ஊரா மானியத்தை வெசாரிச்சு ரிஜிஸ்டர் எழுதுனாங்க, மானியம் யாரு கையில இருக்குது, எதுக்காகக் குடுத்தது, யார்கிட்ட இருந்து வந்ததுன்னு அதுல இருக்குது. பூசாரி, நாவிதர், வண்ணார்னு மானியம் இருந்த குடும்பங்க பேரை அங்க தேடலாம். சென்னையில எழும்பூர் ஆவணக் காப்பகத்துல பழைய வருவாய்த்துறை ரெக்கார்டு இருக்குது. தக்காவின்னு சர்க்கார் விவசாயிக்குக் குடுத்த கடனை வாங்கி கெணறு வெட்டுன காகிதம் ஊட்டுல இருந்தா அதுவும் தங்கம், 1883, 84ல சட்டம் போட்டு அந்தக் கடன் குடுத்தாங்க.

இன்னொண்ணு, எல்லாருமே ஆயிரம் வருசமா ஒரே எடத்துல உக்காந்திருக்கலைங்க. தாது வருசப் பஞ்சத்துல, அது 1876ல இருந்து 78 வரைக்கும், செத்தது போக மிச்ச சனம் ஊரை விட்டுப் போச்சு, எத்தனையோ குடும்ப மரம் அந்த எடத்துலதான் அத்துப் போயி நிக்குது. பவானிசாகர் அணை கட்டறப்ப டணாயக்கன் கோட்டையும் அக்கம்பக்கத்து ஊர்களும் தண்ணிக்குள்ள போச்சு, அந்தச் சனம் வேற ஊர்ல வந்து குடியேறுனாங்க. கீழ்பவானி வாய்க்கால் ரெண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கருக்குப் பாயுது, தண்ணி வந்தப்பறம் காடு வாங்கிட்டு வந்தவங்க எத்தனை பேரு. 1955க்கு அப்பறம் வந்த குடும்பம்னா அதுவும் வரலாறுதானுங்க, அதை எழுதறதுக்கு எதுக்கு வெக்கப்படணும்? அறுபது எழுபது வருசம்கறதால வெசாரிக்க ஆளும் உசுரோட இருக்கறாங்க, ராசா கதைக்கு அந்த வசதி கெடையாது.

கோயில் கமிட்டிக்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைக்கட்டு வரி நோட்டை வருசாவருசம் புதுசு போட்டுட்டுப் பழசைத் தூக்கி வீசாதீங்க, காணிய விட்டு வெளியூர் போனவங்க எந்த ஊர்ல இருக்கறாங்கன்னு அதுலதான் இருக்குது. அடுத்த மலர்ல நன்கொடை போட்டோவுல ஒரு பத்துப் பக்கத்தைக் கொறைச்சுட்டு அந்த நோட்டையே படம் புடிச்சுப் போடுங்க. வருவாய்த்துறைக்கு ஒண்ணு, பட்டா சிட்டாவை ஆன்லைன்ல குடுத்தது பெரிய உபகாரம், ஆனா 1980கள்ல நில ஆவணத்தைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆருக்கு முந்துன செட்டில்மெண்ட் ரிஜிஸ்டரையும் ஸ்கேன் பண்ணிப் போடுங்க, தொட்டா உதிருது. பேப்பர்க்காரங்க நீங்க வாரம் ஒரு ஊர் மொய் நோட்டு, ஒரு ஊர் பாகப் பத்திரம்னு நம்ம மாவட்டப் பக்கத்துல போட்டீங்கன்னா மத்தவங்களும் பொட்டியத் தொறப்பாங்க. எங்க ஊட்டு நோட்டை மொதல் ஆளாக் குடுக்க நான் தயார், ஆள் அனுப்புனீங்கன்னா படம் புடிச்சுட்டுப் போகட்டும், நோட்டை மட்டும் வெளிய குடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காங்கயம் பக்கம்.