பேய்ப் பாட்டுக்கு ஒரு துருப்பிடித்த ஆணி

ஆசிரியருக்கு வணக்கம்.

அக்டோபர் 31 இரவு, கடற்கரைச் சாலைக்குப் பின்தெருவில் உள்ள உணவகம் ஒன்றுக்குப் பேத்தி இழுத்துப்போனாள். ஹாலோவீனாம், மேல்நாட்டார் பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் நாள். வாசலில் பூசணிக்காய், திருஷ்டிக்குக் கட்டியது என்றே நினைத்தேன். உள்ளே ஸ்பீக்கர் முழுக்க உறுமலும் அலறலும்தான். காபி ஆறுவதற்குள் காது அடைத்துவிட்டது.

முத்தியால்பேட்டையில் 18 வருஷம் கேசட் பதிவு செய்து கொடுத்தவன் நான். 1962இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘மான்ஸ்டர் மேஷ்’ என்ற வேடிக்கைப் பேய்ப் பாட்டை ஒரு தடவைகூடப் போடவில்லையே என்று எனக்கு ஆதங்கம். 1931இல் வந்த ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபின் குரலை அப்படியே பிடித்துப் பாடியிருப்பார் பாபி பிக்கெட். அதில் சவப்பெட்டி திறக்கும் கிறீச் சத்தம் எதுவென்று நினைக்கிறீர்கள்? பலகையிலிருந்து துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கியது! கொப்பரை கொதிப்பது, தண்ணீருக்குள் ஸ்ட்ரா வைத்து ஊதியது. பயமுறுத்த இவ்வளவு போதும். சிரிப்பும் சேர்ந்து வரும்.

நம்மிடம் இல்லையா என்ன? ‘யார் நீ’ (1966) படத்தில் சுசீலா பாடிய ‘நானே வருவேன்’ ஒன்று போதாதா? கரண்ட் போன ராத்திரியில் நான் அதை முணுமுணுத்தால், வீட்டுக்காரி இன்றைக்கும் கொல்லைப்பக்கம் தனியாகப் போகமாட்டாள்.

அடுத்த வருஷம் அந்த உணவகத்தார் கேட்டால் நானே பட்டியல் எழுதித் தருகிறேன். காசு வேண்டாம், ஒரு காபி போதும்.

– பழைய கேசட் கடைக்காரர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.