பாபநாசம் படித்துறையில் ஆற்றில் விடப்படும் துணிகளைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பகுதிப் பொதுமக்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: தாமிரபரணியில் துணி விடுவதைத் தடுத்தல், ஏற்கெனவே படிந்துள்ள துணிகளை அகற்றுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணிக்கு மலையில் காவல் உண்டு. 1988 முதல் அந்த மலைக்காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கிருந்து தெளிந்து இறங்கும் தண்ணீர், பாபநாசநாதர் கோயில் முன்னுள்ள படித்துறைக்கு வந்ததும் சேலைகளையும் வேட்டிகளையும் சுமக்கிறது. தர்ப்பணமும் பரிகாரமும் முடித்தவர்கள், உடுத்திக் குளித்த துணியை ஆற்றோடு விட்டுவிடுகிறார்கள். ஆடி அமாவாசைக்கு மறுநாள் படித்துறையில் கால் வைத்தால் துணியில்தான் மிதிக்க வேண்டும்.

கோடையில் தண்ணீர் வற்றியபோது பாறையிடுக்கில் ஒரு சேலையின் முந்தானை தெரிந்தது. நாங்கள் மூன்று பேர் பிடித்து இழுத்தோம். ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வேறு துணிகளும் வந்தன. அடியில் கறுத்த சேறு, அழுகிய முட்டை நாற்றம். இரண்டடி தள்ளி, துணி படாத கல் ஒன்றைப் புரட்டினோம். அதில் பூச்சிப் புழுக்கள் ஒட்டி நெளிந்தன. துணி மூடிக் கிடந்த கல்லில் ஓர் உயிர்கூட இல்லை.

அந்தப் புழுக்களும் கல்லில் படரும் பாசியும்தான் ஆற்று மீன்களுக்கு இரை. பல மீன்கள் முட்டையிடுவதும் கற்களுக்கிடையில்தான். துணி மூடினால் ஓட்டம் தடைபட்டு, சேறு படிந்து, தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்துவிடுகிறது. பருத்தி வேட்டியாவது நாளடைவில் மட்கும். பாலியஸ்டர் சேலை மட்குவதில்லை. மீன் குறைந்தால் நீர்நாய்க்கும் பட்டினிதான். எண்ணெய், சோப்பு, ஷாம்பு உறைகளின் தொல்லை இதற்கு மேல்.

சடங்கை நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் பெற்றோருக்கும் இதே துறையில்தான் எள்ளும் தண்ணீரும் இறைத்தோம். துணியைக் கரையில் கழற்றி வைக்க இடம் வேண்டும் என்றே கேட்கிறோம். படிகளின் அருகிலேயே பெரிய தொட்டிகள் வைத்து அன்றன்று காலி செய்ய வேண்டும். அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. அமாவாசை நாட்களில் படியில் நின்று எடுத்துச் சொல்ல ஆட்கள் வேண்டும். சடங்கு செய்விப்பவர்களையும் அழைத்துப் பேசுங்கள். அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் வருபவர்கள் கேட்பார்கள்.

புதைந்துள்ள துணிகளை ஐப்பசி மழைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். வெள்ளம் வந்தால் மணல் மூடிவிடும். பொக்லைன் இறக்க வேண்டாம். அது மீன் முட்டையிடும் கற்படுகையையே புரட்டிப்போடும். ஆட்களைக் கொண்டு கையால் எடுக்க உத்தரவிடுங்கள். உடன் இறங்கி வேலை செய்ய எங்கள் ஊர் இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பகுதிப் பொதுமக்கள்