பாதி மூடின கதவு

மாப்ளே,

நாலு மாசமா ஒரு வரி எழுதலை. திட்டணும்னா பதில்ல மொத்தமாத் திட்டிக்கோ. இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவ வாயடிக்கிறதைப் பாத்தா உன்கிட்ட பாடம் படிச்ச மாதிரி இருக்கு.

கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டுட்டேன். சிரிக்காதே, இந்தத் தடவை ஹாஸ்டல் ராத்திரி மாதிரி ஆகலை. விண்டோஸும் அப்படியே இருக்கு, பக்கத்துலயே உபுண்டுங்கற லினக்ஸ். தகராறு அப்புறம்தான் ஆரம்பிச்சுது. டி டிரைவைத் திறந்தா ஃபைல் எல்லாம் தெரியுது, பாட்டும் பாடுது. ஆனா ஒண்ணை நகர்த்தப் போனா 'ரீட்-ஒன்லி'ங்குது. பர்மிஷன் பிரச்சினைன்னு நானே தீர்ப்பு சொல்லி, எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டா நுழைஞ்சு, யார் வேணா எழுதலாம்னு திறந்துவிடற சிஎச்மோட் 777 கட்டளையை அடிச்சேன். ஊஹூம். என்டரை இன்னும் பலமா அழுத்திப் பாத்தேன், அதுக்கும் மசியலை. ரெண்டு ராத்திரி போச்சு.

டெர்மினல்ல கட்டளை அடிச்சு டி டிரைவை மவுண்ட் பண்ணி, அதாவது இணைச்சுப் பாத்தப்பதான், அந்தப் பார்ட்டிஷன் பத்திரமான நிலையில இல்லைன்னு ஒரு வரி வந்துச்சு. விஷயம் என்னன்னா, விண்டோஸ் 8-ல இருந்தே 'ஷட் டவுன்'ங்கறது முழுசா மூடறது இல்லை. சீக்கிரம் எழணும்னு தன் மையப் பகுதியான கர்னலை ஒரு ஃபைல்ல சேத்துவச்சுட்டுத் தூங்குது. டிரைவ் எல்லாம் இன்னும் தன் கையிலதான்னு அதுக்கு நினைப்பு. நாம இந்தப் பக்கம் எதையாவது எழுதினா, அது எழுந்து பழைய கணக்கை வச்சு எல்லாத்தையும் குழப்பிடும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தா மட்டும் ஒழுங்கா மூடுமாம். பொறுப்பாத் தினமும் ஷட் டவுன் பண்ணினது நான்!

என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்னு ஒரு கட்டளை இருக்கு. டிரைவ்ல நடக்கற மாற்றங்களைக் குறிச்சுவைக்கிற ஜர்னலைத் துடைச்சுட்டு வழி விட்டுடும். டைப் பண்ணி முடிச்சாச்சு, என்டர்தான் பாக்கி. அந்த டிரைவ்லதான்டா அப்பா குரல் இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நீ பதிவு பண்ணினியே, அந்தப் பதினொரு நிமிஷம். வேற எங்கயும் காப்பி இல்லை. கையை எடுத்துட்டேன்.

திரும்ப விண்டோஸுக்குப் போய் பவர் ஆப்ஷன்ஸ்ல, அந்தத் தூக்கத்துக்குக் காரணமான 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்தேன். அந்தக் கட்டம் மங்கலா, தொட முடியாமதான் இருக்கும். மேல உள்ள சின்ன லிங்க்கை அழுத்தினாத்தான் உயிர் வரும். அப்புறம் முழு ஷட் டவுன். உபுண்டுவுக்கு வந்தா டி டிரைவ் சமத்தா எழுத விடுது.

நீயும் போடப் போறதாச் சொன்னியே, முதல்ல விண்டோஸ்ல டிரைவைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கர் ஓடுதான்னு பாரு. ஓடினா அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்து வச்சுக்காம பயாஸ் செட்டிங்ஸ்ல கை வைக்காதே. பிரிண்ட் எடு, உன் கையெழுத்து வேணாம். உன் 1-ம் 7-ம் ரெட்டைப் பிள்ளைங்க.

எழுத விட்டதும் முதல் வேலையா அப்பா குரலை மூணு இடத்துல காப்பி பண்ணினேன். நாலாவது இந்தக் கடிதத்தோட வர பென் டிரைவ்ல இருக்கு, வச்சுக்கோ. ஏழாவது நிமிஷத்துல நீ இருமறது கேக்கும். அதை வெட்டலை.

உன்
மாப்ளே