வெள்ளை வேட்டி சாம்பலாவது ஏன்?

ஆசிரியருக்கு,

கேமராவை 'ஆட்டோ'வில் வைத்தால் வெளிச்சக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று இணைப்பிதழில் வந்த குறிப்பு பாதிதான் சரி. கேமராவுக்குள் உள்ள மீட்டர், பொருளின் மேல் விழும் ஒளியை அளப்பதில்லை. பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் அளக்கிறது. எதைக் காட்டினாலும் அதை ஏறக்குறைய 18 சதவீதச் சாம்பல் (விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம்) என்றே எண்ணிக்கொள்ளும். படம் நிறைய வேட்டி சட்டை இருந்தால் வெள்ளை அழுக்காகி, மாப்பிள்ளையின் முகமும் கறுத்துப்போவது இதனால்தான். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, +1 முதல் +1.7 ஸ்டாப் வரை கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு). கறுப்புக் கோட்டுக்கு நேரெதிர். குறைக்காவிட்டால் முகம் வெளிறிவிடும்.

கையடக்க மீட்டர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதன் வெள்ளைக் குமிழை முகத்தருகே பிடித்து, கேமராவை நோக்கித் திருப்பி அளக்கலாம். விழும் ஒளியையே அளப்பதால் உடையின் நிறம் குறுக்கே வராது. பலர் விளக்கை நோக்கித் திருப்பிவிட்டு, நிழல் பக்கம் இருண்டுவிட்டதே என்பார்கள்.

கையடக்க மீட்டர் இல்லையா? உள்ளங்கையைக் கேமராவின் ஸ்பாட் மீட்டரில் (சிறு பகுதியை மட்டும் அளக்கும் முறை) அளந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்: ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடி என்று காட்டினால் 1/125 நொடி வையுங்கள். ஆனால் கை, படமெடுக்கப்படுபவர் மேல் விழும் அதே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். நிழலில் நின்று அளந்தால் வெயிலில் நிற்பவருக்குப் பொருந்தாது.

– ஒரு வாசகர், கும்பகோணம்